ஒட்டு

முதலில் முன் சீட்டு.
நான்கு போல்ட், பதிமூன்று நம்பர் ஸ்பேனர்.
மூன்று இறங்கி வந்தன.
நான்காவது,
பங்கு பிரித்த நாளிலிருந்து பேசாத மைத்துனன் மாதிரி
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
மாதம் நாலாயிரத்துக்கு ஒரு தகரக் கொட்டகை.
ஞாயிறு மட்டும் நான் மெக்கானிக்.
மற்ற ஆறு நாளும்
ஊரார் கணக்கைத் தணிக்கை செய்கிறவள்.
அதனால் திருகுக்கொரு பை,
பைக்குள் ஒரு துண்டுத்தாள், தாளில் தேதி.

சிவப்பு ரெக்சினைக் கிழித்தால்
கீழே சாம்பல் ரெக்சின்.
அதற்கும் கீழே தேங்காய் நார்.
நாருக்குள் ஒரு எலி பிள்ளை பெற்றுப் போன வீடு:
பெட்ரோல் பங்க் ரசீதுகளை மெத்தையாக்கியிருந்தது,
யாரோ எழுதப் போன பரீட்சையின்
நுழைவுச்சீட்டில் பாதியையும்.
புளியங்கொட்டை இரண்டு.
இருபத்தைந்து பைசா ஏழு.
ஒரு ரூபாய் எழுபத்தைந்து என்று வரவு வைத்தேன்.

கூரைத் துணியை இழுத்தேன்.
எழுபத்து நாலாம் வருடத்துத் தூசி
மொத்தமாக என் தலையில்.
ஓட்டுகிறவர் தலைக்கு மேலே மட்டும்
துணி தேநீர் நிறத்தில் இருந்தது.
நிறைய புகைத்திருக்கிறார், ஜன்னலைத் திறக்காமல்.

முன் கதவு அட்டையின் முதுகில் பென்சிலால்
‘எட’ என்று கன்னடத்தில்.
பின் கதவு அட்டையில் ‘இடது’ என்று தமிழில்.
அங்கேயே நின்றிருக்க வேண்டும் நான்.
ஒரே பேரேட்டில் இரண்டு கையெழுத்து என்றால்
ஆபீசில் அடுத்த பக்கம் திருப்பமாட்டேன்.
மழைக்கு முன் முடிக்கிற அவசரம், திருப்பிவிட்டேன்.

தரையில் தார் அட்டை.
ஹீட் கன்னைக் காட்டிக் காட்டி உளியால் சுரண்ட
உள்ளங்கை அகலம் வருவதற்குள்
ஒரு குர்லா எக்ஸ்பிரஸ் போனது, ஒரு கூட்ஸ் போனது.
பிறகு தெரிந்தது:
முன் சீட்டுக்குப் பின்னால், இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை,
கம்பளிப்பூச்சி ஊர்ந்தபடியே உறைந்த மாதிரி
ஒரு வெல்டிங் கோடு.
கோட்டுக்கு முன்னால் தகரம் நீலம்.
பின்னால் பாசிப்பச்சை.

பக்கத்துக் கொட்டகைத் தப்ரேஸ் வந்து
கட்டைவிரலால் கோட்டை நீவிப் பார்த்தார்.
“ரெண்டு வண்டி மேடம்.
மூஞ்சி அடிபட்டது ஒண்ணு, முதுகு அடிபட்டது ஒண்ணு.
நல்லதா பாத்து ஜோடி போட்டிருக்கான்.”
கொஞ்சம் பொறுத்து,
“கை சுத்தம். யாருன்னுதான் தெரியல.”

‘ஒரே ஓனர், ஒரு கீறல் கிடையாது’ என்று விற்ற
மஸ்கரேனஸுக்குப் போன் போட்டேன்.
மறுமுனையில் குக்கர் இரண்டு விசில் அடிக்கும்வரை
அவர் வாய் திறக்கவில்லை.
“மங்களூருக்கு நாற்பது தடவை போய்வந்தேன்மா.
சக்லேஷ்புரம் மலையில்கூட ஒரு பக்கமா இழுத்ததில்ல.
ரெண்டுன்னா சொல்றீங்க?”
பொய் இல்லை.
பொய் கேட்டே சம்பளம் வாங்குகிறவள் சொல்கிறேன்.

என் நோட்டின் முதல் பக்கத்தில்
‘நோக்கம்: பழையபடி ஆக்குதல்.’
எந்தப் பழையபடி?
நீலத்துக்கு ஒரு முதுகு வேண்டும்,
பச்சைக்கு ஒரு முகம்.
இரண்டும் சிவாஜிநகர் குஜிரியில் கிலோ விலைக்குப் போய்
யார் வீட்டிலோ கம்பிக் கதவாகியிருக்கும்.

மழை பிடித்துக்கொண்டது.
பேச்சுக் கேட்காத சத்தம்.
பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து
சீட்டு இருந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தேன்.
ஸ்டீயரிங் மட்டும் மிச்சம்.
துருப்பிடித்த ஓட்டை வழியே பார்த்தால்
கீழே சிமெண்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது,
வண்டி ஓடுகிற மாதிரியே.
முன்னால் நீலம் போயிற்று.
பின்னால் பச்சை வந்தது.

பூட்டுவதற்கு முன் சீட்டுப் பையைக் கொட்டி எண்ணினேன்.
கழற்றியது நான்கு. பையில் ஐந்து.
ஐந்தாவதன் புரி வேறு, எந்தத் துளைக்கும் சேரவில்லை.
‘போல்ட், ஒன்று, உபரி’ என்று எழுதி
தேதி போட்டேன்.